காட்டோரத்துக்கு ஒரு கேமரா: கைச்செலவில் செய்ய அக்கா சொல்லும் டிப்ஸ்

தம்பி, தங்கச்சி, முதலில் அந்த ஆன்லைன் கடையை மூடி வை. கூடையில் போட்ட சாமான் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு வாங்கு, பாதிப் பணம் மிச்சமாகும்.

பஹாங் மலையில், கோலா தெர்லாவில் இருக்கிற நமக்குக் காட்டைத் தேடிப் போகும் வேலை இல்லை. தேயிலை மலை எங்கே முடிகிறதோ அங்கே காடு ஆரம்பிக்கிறது. காலையில் கோஸ் தோட்டத்துக்குப் போனால் ராத்திரி எதுவோ மண்ணைக் கிளறிப் போட்டிருக்கும். பன்றி என்பார் ஒருவர், முள்ளம்பன்றி என்பார் இன்னொருவர், மான் என்று சத்தியம் செய்வார் மூன்றாமவர். விலங்கு குறுக்கே போனதும் தானாகப் படம் எடுக்கிற கேமரா ஒன்றை மரத்தில் கட்டினால் அந்தச் சண்டை தீர்ந்துவிடும். லைசென்ஸோடு வேட்டைக்குப் போகிறவர்களும் இதைத்தான் கட்டுகிறார்கள், புலியைக் கணக்கெடுக்கிறவர்களும் இதைத்தான் கட்டுகிறார்கள். அதை வீட்டிலேயே செய்யலாம்.

ஆனால் எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். பணத்தை லென்ஸில் கொட்டிவிட்டு, பெட்டி, பேட்டரி, கட்டும் இடம் மூன்றையும் கோட்டை விடுகிறார்கள். அதையும் தாண்டி நல்ல படம் கிடைத்துவிட்டால், எந்த இடம் என்று ஊருக்கே சொல்லிவிடுகிறார்கள். இந்த நாலில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன்.

சாமான் வாங்கும் முன்

1. எதைப் பார்க்கணும் என்று ஒரே வரியில் எழுது. "தோட்டத்து வேலியோரம் ராத்திரி எது வருகிறது" என்பது நல்ல வரி. "காட்டில் என்ன இருக்கிறதோ எல்லாம்" என்று எழுதினால் கேமராவும் உருப்படாது, நீயும் அலைந்து ஓய்வாய். எந்த உயரத்தில் கட்டுவது, எத்தனை நாள் பேட்டரி வேண்டும், ராத்திரி வெளிச்சம் வேண்டுமா என்பதெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்துதான் வரும்.

2. யாருடைய நிலம் என்று கேள். தேயிலை எஸ்டேட் நிலமென்றால் மேனேஜரிடம் அனுமதி வாங்கு. எந்த மலையில் கொழுந்து பறிக்கிறார்கள், எந்த மலையில் மருந்து அடிக்கிறார்கள் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடமும் கேட்டுக்கொள். மருந்து அடிக்கிற அன்று அங்கே போய் நின்றால் லென்ஸும் கெடும், உன் நெஞ்சும் கெடும். நிரந்தர வனக்காப்பு நிலமென்றால் பஹாங் காட்டிலாகாவின் அனுமதிச் சீட்டு இல்லாமல் கால் வைக்காதே. வனவிலங்கை ஆராய்ச்சியாகப் பார்க்கப் போகிறாய் என்றால் பெர்ஹிலித்தானிடம், அதாவது வனவிலங்கு இலாகாவிடம், முன்கூட்டியே கேள். ஓராங் அஸ்லி மக்கள் நடக்கிற பாதையென்றால் அந்தக் கிராமத்துத் தலைவரான தோக் பத்தினிடம் போய்ப் பேசு. எந்தப் பாதையில் எது நடக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? மரியாதையாகக் கேட்டால் உன் அலைச்சலில் பாதி குறையும்.

3. செய்வதா, வாங்குவதா என்று நேர்மையாக யோசி. சாதாரண ரெடிமேட் கேமரா ஆன்லைனில் இருநூறு வெள்ளிக்குள்ளேயே கிடைக்கிறது. உனக்கு ஒன்றுதான் வேண்டும், நேரமும் இல்லை என்றால் அதை வாங்கிக் கட்டு, தப்பே இல்லை. கையால் செய்வதில் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கெட்டுப்போனால் நீயே பிரித்துச் சரிசெய்யலாம், விலை கூடிய ரெடிமேட் ஒன்றின் பணத்தில் இரண்டு மூன்று கட்டலாம், பிள்ளைகளின் பள்ளி அறிவியல் விழாவுக்கும் ஆகும்.

எந்த வழி உனக்கு ஒத்துவரும்?

4. பழைய டிஜிட்டல் கேமரா வழி. 2000-களில் அமெரிக்க வேட்டைக்காரர்கள் சோனி பி41, எஸ்600 மாதிரி சின்ன கேமராக்களைப் பிரித்து, சென்சார் பலகை ஒன்றைச் சேர்த்து, தண்ணீர் புகாத பெட்டியில் அடைத்துத்தான் இந்தக் கலையை வளர்த்தார்கள். உன் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். படம் அருமையாக வரும். ஆனால் எச்சரிக்கை: ஃப்ளாஷுக்கான மின்தேக்கியில் பேட்டரியைக் கழற்றிய பிறகும் சுமார் 300 வோல்ட் தேங்கி நிற்கும். தெரியாமல் விரலை விட்டால் தூக்கிப் போடும். பத்து வயசுப் பையன் கையில் இதைக் கொடுக்காதே.

5. ராஸ்பெர்ரி பை வழி. லண்டனில் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியும் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டும் சேர்ந்து 2018-இல் 'மை நேச்சர்வாட்ச்' என்று ஒரு கேமராவை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று செய்முறையை வெளியே கொடுத்தார்கள். ராஸ்பெர்ரி பை ஜீரோ, ஒரு கேமரா, ஒரு பவர் பேங்க், சாப்பாட்டு டப்பா, அவ்வளவுதான். வீட்டுப் பின்பக்கம், பறவை வந்து உட்காரும் கிளை, இதற்கெல்லாம் சரியான தேர்வு. ஆனால் இது எப்போதும் விழித்தே இருக்கும், படத்தில் அசைவு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் பேட்டரி ஒரு நாளைக்குத்தான் தாங்கும். காற்றில் ஓர் இலை ஆடினாலும் படம் எடுத்துத் தள்ளும்.

6. இஎஸ்பி32-கேம் வழி. காட்டோரத்துக்கு நான் சொல்வது இதுதான். தீப்பெட்டியைவிடச் சின்னப் பலகை, சுமார் முப்பது வெள்ளி. கேமராவும் மெமரி கார்டு செருகும் இடமும் அதிலேயே இருக்கும். வேலை இல்லாத நேரம் தூங்கும், சென்சார் தட்டினால் எழுந்து படம் எடுக்கும். படம் 1600-க்கு 1200 புள்ளிதான். கல்யாண ஆல்பம் போடவா போகிறாய்? பன்றியா முள்ளம்பன்றியா என்று தெரிய அது தாராளம்.

சாமான் பட்டியல்

7. ஒரு கேமராவுக்கு இவ்வளவு போதும்:
• இஎஸ்பி32-கேம் பலகை. அதில் யுஎஸ்பி ஓட்டை இருக்காது, அதனால் புரோகிராம் ஏற்றும் குட்டிப் பலகையையும் சேர்த்தே வாங்கு.
• ராத்திரிப் படம் வேண்டுமென்றால் அகச்சிவப்பு வடிகட்டி இல்லாத லென்ஸ்.
• உடல்சூட்டை உணரும் பி.ஐ.ஆர். சென்சார். ஏ.எம்.312 சின்னது, மின்சாரம் குறைவாகக் குடிக்கும், நாலைந்து மீட்டர் வரை பார்க்கும். எச்.சி.-எஸ்.ஆர்.501 பெரியது, ஏழு மீட்டர் வரை பார்க்கும், கூடவே தொல்லையும் கொஞ்சம் அதிகம்.
• 18650 லித்தியம் பேட்டரி இரண்டு, அதற்கான தாங்கி, வோல்ட்டேஜை ஏற்றிக் கொடுக்கும் குட்டிப் பலகை.
• அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள்.
• ரப்பர் விளிம்புள்ள, நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடும் சாப்பாட்டு டப்பா. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மின்வயர் இணைப்புப் பெட்டி இன்னும் நல்லது.
• மெமரி கார்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம், அகலமான நாடாக் கயிறு.
எல்லாம் சேர்த்து நூறு, நூற்றைம்பது வெள்ளிக்குள் முடித்துவிடலாம்.

8. பேட்டரியில் ஏமாறாதே. 18650 பேட்டரி மேல் "9900 எம்.ஏ.எச்." என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடு. அந்த அளவு பேட்டரியில் நிஜமாகவே அடங்குவது 3500-ஐ ஒட்டித்தான். எழுத்து பெரிசாக ஆக உள்ளே சரக்கு குறைகிறது என்று வைத்துக்கொள். பாதுகாப்புச் சுற்று உள்ளதாகப் பார்த்து வாங்கு. பேட்டரி மேல் நேராகச் சூடு வைத்துப் பற்றவைக்காதே, தாங்கியில்தான் போடணும். இரண்டைப் பக்கம் பக்கமாக இணைப்பதென்றால் இரண்டையும் முழுசாக சார்ஜ் செய்த பிறகே இணை. சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதே.

9. பவர் பேங்கை நம்பி இஎஸ்பி32 கட்டாதே. ஊரில் பத்துப் பேர் செய்தால் ஆறு பேர் இங்கேதான் விழுகிறார்கள். கேமரா தூங்கும்போது சில மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். போன் சார்ஜ் ஏறி முடிந்தது என்று நினைத்து பவர் பேங்க் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். நீ ஒரு வாரம் கழித்து மலை ஏறிப் போவாய், கார்டில் உன் மூஞ்சி மட்டும் இருக்கும். எப்போதும் விழித்திருக்கும் ராஸ்பெர்ரி பைக்குத்தான் பவர் பேங்க் சரி. அங்கேயும் கணக்கு தெரிந்திருக்கட்டும்: 10,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டாக வெளியே வரும்போது 6000-ஐ ஒட்டித்தான் கைக்குக் கிடைக்கும்.

10. மெமரி கார்டைச் சோதித்துப் பார். மலிவுக் கார்டில் போலி நிறைய. கம்ப்யூட்டரில் முழுக் கார்டையும் எழுதிப் படித்துப் பார்க்கும் இலவச சோதனைப் புரோகிராம்கள் இருக்கின்றன, ஒருமுறை ஓட விடு. 32 ஜிபிக்கு மேல் வேண்டாம். எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் செய்.

கட்டும்போது

11. சென்சாரின் கண்ணைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்காதே. நமக்குத் தெளிவாகத் தெரிகிற கண்ணாடியும் அக்ரிலிக்கும் உடல்சூட்டைத் தடுத்துவிடும். யானையே குறுக்கே போனாலும் சென்சாருக்குத் தெரியாது. டப்பாவில் ஓட்டை போட்டு, சென்சாரின் வெள்ளைக் குமிழ் வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்து, சுற்றிலும் அடை. கேமரா லென்ஸுக்கு மட்டும் கண்ணாடி போதும்.

12. சிலிக்கானை மோந்து பார்த்து வாங்கு. காடி வாசம் அடிக்கும் சிலிக்கான் மலிவு, ஆனால் அது காயும்போது வரும் ஆவி செம்புக் கம்பியையும் பலகையையும் அரிக்கும். வாசமில்லாத "நியூட்ரல்" வகையைக் கேட்டு வாங்கு. பூசிய பின் மூடியைத் திறந்து வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடு. அவசரப்படாதே.

13. பலகையின் குணத்தைத் தெரிந்துகொள். இஎஸ்பி32-கேமில் ஃப்ளாஷ் விளக்கும் மெமரி கார்டும் நாலாம் நம்பர் பின்னைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் படத்தைச் சேமிக்கும்போதெல்லாம் வெள்ளை விளக்கு பளிச்சென்று எரியும், வந்த விலங்கு ஓடிவிடும். புரோகிராமில் கார்டை 1-பிட் முறையில் தொடங்கினால் அந்தத் தொல்லை போகும், சென்சாரை இணைக்கப் பதின்மூன்றாம் பின்னும் கிடைக்கும். தூங்கி எழுந்ததும் எடுக்கிற முதல் இரண்டு மூன்று படம் பச்சையாகவோ இருட்டாகவோ வரும். அவற்றைத் தள்ளிவிட்டு அடுத்ததைச் சேமிக்கச் சொல். வைஃபையை அணைத்தே வை. அது மின்சாரத்தையும் தின்னும், பக்கத்தில் இருக்கும் சென்சாரையும் குழப்பும்.

14. ராத்திரி விளக்கைத் தேர்ந்தெடு. 850 நானோமீட்டர் எல்.இ.டி. தூரம் வரை அடிக்கும், ஆனால் மங்கலாகச் சிவப்புப் பொட்டு தெரியும். 940 கண்ணுக்கே தெரியாது, ஆனால் தூரம் குறைவு. ஆள் நடமாட்டம் உள்ள இடமென்றால் 940 வாங்கு, திருட்டுப் பயம் குறையும். விளக்கையும் லென்ஸையும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் வைக்காதே, வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் படம் பாலாகிவிடும். லென்ஸைச் சுற்றிக் கறுப்பு ஸ்பாஞ்சு வளையம் ஒன்று வை.

15. ஈரத்தை வெளியே நிறுத்து. சுடுசோற்றை டப்பாவில் அடைத்தால் மூடியில் தண்ணீர் கோத்துக்கொள்வது மாதிரி, ஈரக் காற்றோடு மூடிய பெட்டியும் ராத்திரி குளிரில் உள்ளேயே வேர்க்கும். நம்ம மலையில் மழை நாளில் மூடவே மூடாதே. வெயிலடிக்கும் நாளில், காய்ந்த அறையில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடு. ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றும்போதும் பொட்டலத்தையும் மாற்று.

16. வாளியில் முக்கிப் பார். எலக்ட்ரானிக் எதுவும் வைக்காமல், வெறும் டிஷ்யூ காகிதமும் ஒரு கல்லும் போட்டு, பெட்டியை மூடி, ஒரு ராத்திரி தண்ணீரில் முக்கி வை. காலையில் காகிதம் காய்ந்திருந்தால்தான் பெட்டி பாஸ். இதைச் செய்யாமல் மழையில் கட்டிவிட்டு யாரும் என்னிடம் வந்து அழக்கூடாது.

17. வீட்டிலேயே ஒரு வாரம் ஓட்டு. கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலோ படிக்கட்டிலோ கட்டு. பூனை வந்ததா, படம் வந்ததா, பேட்டரி எவ்வளவு இறங்கியது என்று பார். வீட்டில் ஓடாதது காட்டில் ஓடாது.

கொண்டு போய்க் கட்டும்போது

18. பாதையைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. இந்தியாவில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற காட்டிலாகா அதிகாரி, புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டி, அது இடறியதும் ஃப்ளாஷ் வெடித்துப் படம் விழும்படி செய்தார். 1927-இல் புத்தகமே போட்டார். அவரிடம் சென்சாரும் கிடையாது, மெமரி கார்டும் கிடையாது. விலங்கு எந்த வழியே வரும் என்ற அறிவு இருந்தது. நீயும் குளம்படி, எச்சம், சேற்றுக் குழி, மரத்தில் தேய்த்த மண் இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கட்டு. சும்மா அழகான இடமென்று கட்டாதே.

19. முழங்கால் உயரம், மூன்று நாலு மீட்டர் தூரம். பன்றி, மான், புலி எல்லாவற்றுக்கும் தரையிலிருந்து நாற்பது, ஐம்பது சென்டிமீட்டர் போதும். ஆள் உயரத்தில் கட்டினால் முதுகுதான் தெரியும். விலங்கு நேரே கேமராவை நோக்கி வரும்போது சென்சார் மந்தமாக இருக்கும், குறுக்கே போகும்போதுதான் சட்டென்று பிடிக்கும். அதனால் பாதைக்குக் கொஞ்சம் சாய்வாக வை. பலகை எழுந்திருக்கவே ஒன்றிரண்டு விநாடி ஆகும், பாதி உடம்பு தாண்டிவிடாமல் அந்தச் சாய்வு காப்பாற்றும்.

20. வடக்கோ தெற்கோ பார்க்கட்டும். நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கிழக்கு மேற்காக வைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் நேரே லென்ஸில் விழும், சென்சாரும் குழம்பும்.

21. பனிமூட்டத்துக்குப் பழகு. ராத்திரி பனி இறங்கினால் விளக்கு வெளிச்சம் பனியிலேயே பட்டுத் திரும்பி, படம் வெள்ளைத் துணி மாதிரி வரும். விளக்கைக் கூட்டுவது தீர்வாகாது, இன்னும் வெளுக்கும். பாதைக்கு நெருக்கமாகக் கட்டு. இந்தக் குளிரால் நமக்கு ஒரு லாபமும் உண்டு. சுற்றுப்புறம் குளிர்ந்திருந்தால் விலங்கின் உடல்சூடு தனியாகத் தெரியும், கீழ்நாட்டுச் சூட்டைவிட இங்கே சென்சார் நன்றாக வேலை செய்யும்.

22. முன்னால் இருக்கும் புல்லை மட்டும் அகற்று. வெயில் பட்டுச் சூடேறி ஆடும் இலைதான் வெற்றுப் படங்களுக்குக் காரணம். அதற்காகப் புதரையே வெட்டித் தள்ளாதே. தேயிலைச் செடியில் கட்டாதே, காற்றுக்கு ஆடும். ஆணி அடிக்காதே, நாடாக் கயிறு போட்டு இறுக்கு. பெட்டிக்கு மேலே பிளாஸ்டிக் போத்தலை வெட்டிச் சின்னக் கூரை வை. பெயின்ட் அடிப்பதென்றால் மினுமினுப்பு இல்லாததை, கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே அடித்து வாசம் போகவிடு.

23. குரங்கு, எறும்பு, திருடன் மூவரையும் நினைத்துக் கட்டு. குரங்கு பிடுங்கிப் பார்க்காமல் போகாது, தொங்கும் வயர் எதுவும் வெளியே இருக்கக்கூடாது. எறும்பு கூடு கட்ட ஊசி ஓட்டை போதும். ஆளுக்கு ஒரு வழி: பெட்டி மேலேயே உன் போன் நம்பரையும் "விலங்கு பார்க்கும் கேமரா" என்று மலாயிலும் எழுதி ஒட்டு. பாதிப் பேர் படித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

24. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தையோ குளிக்கும் ஆற்றையோ பார்க்கிற மாதிரி கட்டாதே. கொழுந்து பறிக்கும் பெண்கள் நடக்கும் பாதையில் பகலில் ஓட விடாதே. மனிதர் படம் விழுந்தால் அன்றைக்கே அழித்துவிடு. இதில் எனக்கு மறுபேச்சு கிடையாது.

25. தீனி வைக்காதே. ஒரு நல்ல படத்துக்காகப் பழமும் கறியும் போட்டால் விலங்கு மனிதன் இருக்கும் பக்கம் பழகிவிடும். அடுத்த மாதம் அது உன் அடுப்படிக்கு வரும், அப்புறம் அதைச் சுடச் சொல்லி ஊரே கேட்கும்.

26. கருஞ்சிறுத்தைக்கு ஒரு தந்திரம். தீபகற்ப மலேசியாவின் சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. பகல் படத்தில் புள்ளி தெரியாது, எது எந்தச் சிறுத்தை என்று பிரிக்க முடியாது. திரங்கானுவில் கென்யிர் காட்டுப் பக்கம் ஆராய்ச்சி செய்தவர்கள் கேமராவின் வெளிச்ச சென்சாரை மறைத்துவிட்டார்கள். ராத்திரி என்று நினைத்துக் கேமரா பகலிலும் அகச்சிவப்பு வெளிச்சத்தில் படம் எடுக்க, மறைந்திருந்த புள்ளிகள் துல்லியமாகத் தெரிந்தன. 2015-இல் அதை வெளியிட்டார்கள். நீ செய்யும் கேமராவில் இதற்குக் காசே செலவில்லை, பகலில் படம் எடுக்கும்போதும் அகச்சிவப்பு விளக்கு எரியும்படி புரோகிராமை மாற்றினால் போதும்.

27. கணக்கெடுக்கணும் என்றால் ஜோடியாகக் கட்டு. புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக இருக்காது. கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் 1990-களில் உல்லாஸ் காரந்த் புலிகளைக் கேமராவால் எண்ணியபோது பாதையின் இரண்டு பக்கமும் கேமரா வைத்தது அதனால்தான். மலிவாக இரண்டு செய்வது, விலை கூடிய ஒன்றைவிட இங்கே பயன்.

படம் வந்த பிறகு

28. நேரத்தைக் குறித்து வை. இஎஸ்பி32-கேம் பலகையில் தனிக் கடிகாரம் இல்லை. கட்டும்போது உன் போனில் நேரத்தைப் பெரிதாக வைத்து லென்ஸ் முன்னால் காட்டு. கழற்றும்போதும் அதேபோல் காட்டு. ஆரம்பித்ததிலிருந்து எத்தனையாவது விநாடி என்று கோப்பின் பெயரிலேயே எழுத வைத்தால், எந்த விலங்கு எந்த மணிக்கு வந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடம், தேதி, பேட்டரி எல்லாவற்றையும் எழுது.

29. இடத்தை யாரிடமும் சொல்லாதே. இதுதான் முக்கியம், நன்றாகக் கேள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில், காட்டில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலி 150-க்கும் குறைவு என்று தெரிந்தது. நீ வாட்ஸ்அப்பில் போடும் ஒரு படமும் "நம்ம மலைக்குப் பின்னாடிதான்" என்ற ஒரு வார்த்தையும் கண்ணி வைப்பவனுக்கு வழிகாட்டி. கேமராவைக் கட்டிய மரத்தை உன் போனில் படமெடுத்திருந்தால் இடக்குறிப்பு அந்தப் படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். போனில் இடக்குறிப்பை முதலிலேயே அணைத்து வை. புலி, சிறுத்தை, காட்டாடு மாதிரி எதுவும் விழுந்தால் படத்தை பெர்ஹிலித்தானிடம் மட்டும் கொடு. ஊர் பாராட்டணும் என்றால் முள்ளம்பன்றிப் படத்தைப் போடு, நானே முதல் ஆளாகப் பாராட்டுகிறேன்.

30. கண்ணியைப் பார்த்தால் வீரம் காட்டாதே. கம்பிச் சுருக்கோ வளைத்துக் கட்டிய மரமோ கண்ணில் பட்டால் தள்ளி நின்று படமெடு, இடத்தைக் குறித்துக்கொள், சத்தமில்லாமல் திரும்பி வந்து பெர்ஹிலித்தானுக்குச் சொல். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம். வைத்தவன் பக்கத்திலேயே இருக்கலாம். தாமான் நெகாரா பக்கம் சுங்கை யூவில், மைகேட் என்ற புலிப் பாதுகாப்புக் கூட்டமைப்பு பொதுமக்களைக் கூட்டிக்கொண்டு போய் இந்த மாதிரிக் கண்ணிகளைத் தேடுகிறது. ஆர்வமிருந்தால் அவர்களோடு போய் முறையாகக் கற்றுக்கொள்.

31. வேட்டைக்கென்றால் சட்டத்தோடு. பெர்ஹிலித்தான் லைசென்ஸ் இல்லாமல் பன்றியைக்கூடத் தொடாதே. தோட்டம் அழிகிறது என்பதுதான் உன் கவலையென்றால், தேதியோடு, நேரத்தோடு கேமராப் படத்தைக் கொண்டுபோய்ப் புகார் கொடு. "ஏதோ வருது சார்" என்று சொல்வதற்கும், இந்த மணிக்கு இந்த வழியே இத்தனை பன்றி என்று காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வேலியை எங்கே பலப்படுத்துவது என்றும் அந்தப் படமே சொல்லும்.

32. தனியாகப் போகாதே. இரண்டு பேராகப் போ, வீட்டில் சொல்லிவிட்டுப் போ, மதியத்துக்குள் திரும்பிவிடு. மழை பிடித்தால் கேமரா கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு இறங்கு, நம்ம மலையில் மண் சரிவதும் ஆறு பொங்குவதும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அட்டைக்கு நீளமான சாக்ஸ் போடு. புதுக் காலடித் தடம் பெரிதாக இருந்தால் ஆசைப்படாமல் திரும்பு.

இத்தனை சொல்லிவிட்டாளே என்று மலைக்காதே. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவை வாங்கி வாளியில் முக்கு. அடுத்த வாரம் பலகையை வாங்கிக் கோழிக்கூட்டில் கட்டு. அதற்கடுத்த வாரம் மேனேஜரிடம் போய் அனுமதி கேள். ஒரு மாதத்தில் உன் தோட்டத்துக்கு ராத்திரி வருவது யார் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு, எங்கே என்று கேட்கிறவர்களுக்கு "மலைப்பக்கம்" என்று மட்டும் சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.